காரைக்குடி அளவுள்ள நகரில் பூங்கா, விளையாட்டிடம், நூலகம்: எதை முதலில் கேட்பது?

கேள்வி: சங்கராபுரத்துவாசி

அனைவருக்கும் வணக்கம். 2024 ஆகஸ்டில் காரைக்குடி மாநகராட்சியாக உயர்ந்தபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் அதனோடு சேர்ந்தன. 2011 கணக்கெடுப்பில் பழைய நகராட்சிக்குள் மட்டும் 1,06,714 பேர் இருந்தார்கள். இப்போது எல்லை விரிந்து, செட்டிநாட்டுப் பழைய வீதிகளும் நேற்றுப் போட்ட மனைப்பிரிவுகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்துவிட்டன. நான் குடியிருப்பது அந்தப் புதுப் பகுதியில்தான்.

எங்கள் மூன்று தெருக்காரர்கள் சேர்ந்து, அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் ஒரு மனு கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மனு கொடுப்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. எதைக் கேட்பது என்பதில்தான் இழுபறி. நீச்சல் குளத்துடன் உள்விளையாட்டரங்கம் வேண்டும் என்கிறார் ஒருவர். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு நூலகம் வேண்டும். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருப்பவர்கள் சமுதாயக் கூடத்தைத் தவிர வேறெதையும் காதில் வாங்குவதில்லை. எனக்கோ இவை எதுவும் மனதில் நிற்கவில்லை. மாலையில் எதிர்வீட்டுச் சிறுமிகள் இருவர் மின்கம்பத்திலிருந்து எங்கள் வாசற்கதவு வரை ஒரு கயிற்றைக் கட்டி இறகுப்பந்து ஆடுகிறார்கள். இருசக்கர வாகனம் வரும்போதெல்லாம் ஒருத்தி ஓடிவந்து கயிற்றைத் தரையோடு தாழ்த்திப் பிடித்துக்கொள்ள, வண்டி அதன்மேல் ஏறிப் போகிறது, ஆட்டம் தொடர்கிறது. அந்தக் கயிறுதான் கண்ணில் நிற்கிறது.

வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். நகரமைப்பு எனக்குத் தெரியாத துறை. இவ்வளவு மக்களுக்கு இவ்வளவு பூங்கா, இத்தனை பள்ளி என்று ஏதேனும் அளவுகோல் இருக்கிறதா, அதற்கான நிலம் எங்கிருந்து வருகிறது, எதை முதலில் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு உண்டு என்பவற்றைத் தெரிந்தவர்கள் சொன்னால், வெறும் ஆசைப் பட்டியலாக இல்லாமல் ஒழுங்கான மனுவாக எழுதலாம்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வரைவாளர்

வேறொரு மாவட்டத்தில் நகரமைப்பு வரைபடங்களோடு முப்பது ஆண்டுகள் கழித்தவன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அளவுகோல் இருக்கிறது. யூஆர்டிபிஎஃப்ஐ என்று நாங்கள் சொல்லும் மத்திய அரசின் 2014 வழிகாட்டு நெறிகளில், 5,000 பேருக்கு அரை ஹெக்டேரில் ஒரு குடியிருப்புப் பூங்கா, 15,000 பேருக்கு ஒரு ஹெக்டேரில் ஓர் அண்மைப் பூங்கா, ஒரு லட்சம் பேருக்கு 5 ஹெக்டேரில் ஒரு பெரிய பூங்கா என்று படிப்படியாக வகுத்திருக்கிறார்கள். தொடக்கப் பள்ளி 5,000 பேருக்கு ஒன்று, அதற்கு 0.4 ஹெக்டேர், மேல்நிலைப் பள்ளி 7,500 பேருக்கு ஒன்று, அதற்கு 1.8 ஹெக்டேர், அதில் ஒரு ஹெக்டேர் விளையாட்டுத் திடலுக்கே. சமுதாயக் கூடமும் நூலகமும் சேர்ந்த கட்டடம் 15,000 பேருக்கு ஒன்று, 2,000 சதுர மீட்டர். இவை வழிகாட்டுதல்களே தவிரச் சட்டம் அல்ல. ஆனால் மனுவில் எண்ணைக் குறிப்பிட்டால் அதிகாரியும் எண்ணால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் 2011 எண்ணையே எடுத்துக்கொண்டு பூங்காவுக்கு மட்டும் கணக்குப் போட்டால், 21 சிறு பூங்காக்களுக்குப் பத்தரை ஹெக்டேர், 7 அண்மைப் பூங்காக்களுக்கு 7 ஹெக்டேர், பெரிய பூங்காவுக்கு 5 ஹெக்டேர், ஆக இருபத்திரண்டரை ஹெக்டேர் வருகிறது. ஏறக்குறைய 55 ஏக்கர். மலைப்பாகத் தோன்றுகிறதா? மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் ஒருவரே 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த ஊர் உங்களுடையது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் அது திறக்கப்பட்டது. அந்த 300 ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்குகூட ஒரு லட்சம் பேரின் பூங்காத் தேவைக்கு வேண்டியதில்லை. ஆனால் இனி எந்தச் செட்டியாரும் வந்து கொடுக்கப்போவதில்லை என்பதால், நிலம் இப்போது எந்த வழியில் வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வழி மனைப்பிரிவு. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு இலவசமாக ஒப்படைக்க வேண்டும். எல்லோரும் ஓஎஸ்ஆர் இடம் என்று சொல்வது இதைத்தான். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான மனைப்பிரிவுக்கு, இடத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் வழி உண்டு. பணம் கருவூலத்துக்குப் போய்விடும், ஆனால் பிள்ளைகள் ஆட இடம் இருக்காது. ஆகவே இந்த விலக்கு எனக்கு என்றுமே பிடித்ததில்லை.

பத்து ஏக்கர் மனைப்பிரிவு ஒன்றை வைத்துப் பாருங்கள். சாலைக்கு மூன்று ஏக்கர் போனால் மீதி ஏழில் 70 சென்ட் ஓஎஸ்ஆர். அங்கே நூற்றைம்பது மனைகள், அறுநூறு பேர் குடியேறுவார்கள் என்று வைத்துக்கொண்டால், 70 சென்ட் என்பது அந்த அறுநூறு பேருக்கு வழிகாட்டு நெறி கேட்பதைவிட மிக அதிகம். அதாவது, முறையாக அங்கீகாரம் பெற்ற புதுப் பகுதிகளில் நிலத்துக்குக் குறைவே இல்லை. குறைவு இருப்பது நெருக்கமாகக் கட்டிவிட்ட பழைய தெருக்களிலும், 20.10.2016-க்கு முன் அங்கீகாரமின்றி விற்கப்பட்டுப் பின்னர் 2017 விதிகளின் கீழ் வரன்முறை செய்யப்பட்ட மனைகளிலும்தான். அத்தகைய இடங்கள் பலவற்றில் பூங்காவுக்கென்று நிலமே விடப்பட்டிருக்காது. உங்கள் மூன்று தெருக்கள் இவற்றில் எந்த வகை என்பதே முதற்கேள்வி.

காகிதத்தில் இருக்கும் 70 சென்ட் தரையிலும் இருக்கிறதா என்பது அடுத்தது. நான் வேலை பார்த்த ஊர்களில் ஒன்றில், பூங்கா என்று பச்சை வண்ணம் தீட்டிய இடத்தை அளக்கப் போனபோது, அது வாய்க்காலை ஒட்டி நான்கு மீட்டர் அகலத்தில் ரிப்பன்போல ஓடிய ஒரு துண்டாக இருந்தது. பரப்பளவு சதுர மீட்டர் பிசகாமல் சரியாக வந்தது. அதில் எருமையைக் கட்டலாம், பந்தைப் போட முடியாது. இன்னோர் இடத்தில் தானப் பத்திரம் பதிவாகியிருந்தும் பட்டா மாற்றப்படாததால், பத்தாண்டு கழித்து உரிமையாளரின் வாரிசு அதையே மூன்று மனையாக்கி விற்றுவிட்டார். வாங்கியவர்கள் பாவம், கடன் வாங்கி வீடும் கட்டிவிட்டார்கள். இந்த நிலைக்கு வந்துவிட்டால் வழக்குதான். பூங்கா நிலத்தை வேறு வேலைக்குக் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே, பெங்களூரில் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கிய ஒரு பூங்கா இடம் பற்றிய வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது என்றாலும், தீர்ப்பு வரும்வரை பிள்ளைகள் வளராமல் காத்திருப்பதில்லை.

இரண்டாவது வழி, ஊரின் எந்த நிலம் எந்தப் பயனுக்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான். வரைவு வெளியானால் ஆட்சேபணை, ஆலோசனை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்கிறது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு. அப்போது தனியார் நிலத்தின்மேல் பள்ளி, பூங்கா என்று குறித்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நம்புகிறார்கள். அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவையும் படிக்க வேண்டும். அறிவிக்கை அரசிதழில் வெளியான நாளிலிருந்து மூன்றாண்டுக்குள், கையகப்படுத்துவதற்கான அறிவிப்பு வெளியாகவோ, உடன்பாட்டின்படி நிலத்தை வாங்கவோ செய்யாவிட்டால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும். நில உரிமையாளரைக் காலமெல்லாம் கட்டிப்போடக் கூடாது என்பதால் இது நியாயமான பிரிவுதான். ஆனால் கையில் பணமில்லாத சிறு நகரம் வரைபடம் முழுக்கப் பச்சை தீட்டினால், நான்காம் ஆண்டில் அந்தப் பச்சைக்குச் சட்டத்தில் உயிர் இருக்காது.

ஆகவே என் யோசனை இது: கட்டடம் எதையும் கேட்காதீர்கள். உங்கள் பகுதியில் உள்ள ஒவ்வொரு மனைப்பிரிவின் ஒப்புதல் எண், ஓஎஸ்ஆர் இடத்தின் சர்வே எண், உட்பிரிவு, தானப் பத்திர எண், இப்போது பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பவற்றைக் கேட்டு மனு எழுதுங்கள். ஊராட்சிக் காலத்தில் எழுதிய தானப் பத்திரங்கள் ஊராட்சியின் பெயரில் இருக்கும். இணைப்புக்குப் பின் அவை மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டனவா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வேலி போட்டு, பெயர்ப்பலகை வைத்த பிறகு எது கட்டுவது என்று சாவகாசமாகச் சண்டை போடலாம்.

மறுமொழி: உடற்கல்வி ஆசிரியை

வரைவாளர் ஐயா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, அந்த நிலத்தில் என்ன ஆட முடியும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்; ஏனெனில் விளையாட்டு என்றதும் பலருக்கு அரங்கம்தான் நினைவுக்கு வருகிறது.

ஆண்கள் கபடி ஆடுகளம் 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8. இறகுப்பந்து இரட்டையர் ஆடுகளம் 13.4-க்கு 6.1. கைப்பந்து 18-க்கு 9, சுற்றிலும் மூன்று மீட்டர் விட வேண்டும். கோகோவுக்கு 27-க்கு 16. 60-க்கு 40 அடி மனை ஒன்றில் பெண்கள் கபடிக் களம் தாராளமாக அடங்கும். ஐயா கணக்கிட்ட 70 சென்ட், சதுரத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தால், கைப்பந்து, கோகோ, கபடி, இறகுப்பந்து எல்லாவற்றையும் போட்டு, நடுவில் மரநிழலில் பாட்டிமார் உட்கார இடமும் விடலாம். நான்கு மீட்டர் ரிப்பனில் இவற்றில் ஒன்றுகூட ஆட முடியாது. எனவே மனுவில் பரப்பளவோடு குறைந்தபட்ச அகலத்தையும் எழுதுங்கள்.

நீச்சல் குளம் கேட்கும் நண்பருக்கு ஒரு கணக்கு. 25-க்கு 12.5 மீட்டர் குளத்தில் சராசரி 1.4 மீட்டர் ஆழத்துக்கு நீர் நிறுத்தினால் 4,37,500 லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால், மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒருநாள் தண்ணீர். குடிநீருக்குச் சம்பை ஊற்றை நம்பி வாழ்ந்த ஊர், தண்ணீரை இப்படிச் செலவழிக்க யோசிக்க வேண்டும். அதற்கு மேல் வடிகட்டும் எந்திரம், குளோரின், கரையில் நிற்கும் உயிர்காப்பாளர் என்று மாதச் செலவு வேறு. திறப்பு விழாவுக்குப் பணம் எப்படியும் கிடைத்துவிடும், ஐயா. பதினெட்டாம் மாதம் மோட்டார் பழுதாகும்போது யாரிடம் போவது என்பதுதான் கேள்வி.

என்னுடைய உண்மையான வற்புறுத்தல் பள்ளித் திடல்கள் பற்றியது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டு விதிகள் ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளியும் மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலை வகுப்புகளும் இருக்க வேண்டும் என்கின்றன. அதாவது ஊரில் எல்லாத் திசையிலும் ஏற்கெனவே அரசின் நிலம் இருக்கிறது, அதற்குச் சுற்றுச்சுவரும் உண்டு. மாலை நாலரைக்கு வாசல் பூட்டப்படுகிறது. மறுநாள் காலை வரை அது யாருக்கும் உதவுவதில்லை. பிள்ளைகளோ சாலையில் கயிறு கட்டுகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, ஐந்து முதல் ஏழு வரை திறந்துவிடுவதற்கு முதலில் வேண்டியவை மூன்றே: வகுப்பறைப் பகுதியைத் தனியே பூட்டும்படி ஒரு கம்பித் தடுப்பு, திடலின் பக்கம் திறக்கும் தனி வாசல், அந்த வாசலுக்கு அருகிலேயே ஒரு கழிப்பறை. கழிப்பறை இல்லாத திடலுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகள் வருவது நின்றுவிடும். இதை நான் இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மின்விளக்கும் வேண்டும். ஆறரைக்கு இருட்டிவிடும் மாதங்களில் விளக்கில்லாத திடல் பையன்களுக்கு மட்டுமே உரியதாகிவிடுகிறது. காவலாளிக்கான கூலி யார் கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலும் இந்த ஏற்பாடு உடைகிறது; எனவே அதை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மறுமொழி: ஊருணிக்கரை

நானும் உங்கள் பக்கத்துக்காரன்தான். யூனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் சேர்க்கப்பட்டதற்கு மாளிகைகள் மட்டுமே காரணம் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த ஊர்களின் நேரான வீதிகள், வீதியிலிருந்து அடுத்த வீதி வரை நீளும் வீடுகள், முற்றத்தில் விழுந்த மழைநீர் கால்வாய் வழியே ஊருணிக்குப் போகும் ஏற்பாடு ஆகிய எல்லாம் சேர்ந்த ஊரமைப்புதான் அங்கே விசேஷம். பூங்கா என்ற சொல்லைக் கேட்டறியாத அந்தக் காலத்தில், மாலையில் ஊர் கூடிய திறந்தவெளி ஊருணிப் படித்துறை.

எனவே பழைய பகுதிகளில் பூங்காவுக்கு நிலமில்லை என்று வரைவாளர் ஐயா சொன்னதற்கு ஒரு திருத்தம் சொல்ல ஆசைப்படுகிறேன். அங்கே புது நிலம் இல்லையே தவிர, ஊருணிக் கரை இருக்கிறது. கரையில் நடைபாதை, இரண்டு வேப்பமரத்தடியில் கல்பலகை, படித்துறையைச் செப்பனிடுதல், இவ்வளவு போதும். இதில் ஒரேயோர் ஆபத்து உண்டு. அழகுபடுத்துகிறோம் என்று கரையை உட்பக்கம் தள்ளிக் கட்டி, நீர்ப்பரப்பைச் சுருக்கி, சரிவு முழுவதும் கான்கிரீட் பூசி, நீர் வந்து சேரும் வரத்துக்காலின் வாயில் செல்ஃபி மேடை வைத்துவிடுகிறார்கள். பிறகு நீர் வருவதில்லை. நீர் இல்லாத குழியைச் சுற்றி வண்ணவிளக்கு எரிகிறது. நீர்நிலையை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் சொன்னதும், 2007-இல் தமிழ்நாட்டில் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் இதற்குத் துணை நிற்கும். ஊருணியைக் கேட்டு மனு எழுதினால், வரத்துக்கால், மிகைநீர் வெளியேறும் கலிங்கு இரண்டையும் சர்வே எண்ணோடு எழுதுங்கள். குளத்தை மட்டும் எழுதினால் குளம் மட்டும்தான் மிஞ்சும்.

மறுமொழி: நூலக மேசை

நூலகத்துக்கு ஆதரவாக நான் பேசுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள், பேசத்தான் போகிறேன்.

சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது சென்னை மாகாணத்தில், 1948-இல். அதன் பயனாக நீங்கள் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்கிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள். அது உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக் குழுவுக்குச் செலுத்த வேண்டிய பணம். பூங்காவுக்கோ திடலுக்கோ இப்படியொரு தனி வரி கிடையாது. விரிவாக்கப் பகுதியில் வீடுகள் பெருகப் பெருக நூலக வரியும் பெருகும் என்பதால், கிளை நூலகம் கேட்பது இலவசம் கேட்பது ஆகாது.

ஆனால் எப்படிப்பட்ட நூலகம் என்பதை யோசித்துக் கேளுங்கள். என் மேசையிலிருந்து பார்த்தால், காலை எட்டரைக்கே வாசலில் நிற்பவர்கள் போட்டித் தேர்வுக்காரர்கள். அவர்கள் எங்கள் புத்தகத்தைத் தேடி வருவதில்லை. தங்கள் புத்தகத்தை விரிக்க ஒரு மேசை, ஒரு மின்விசிறி, வீட்டில் கிடைக்காத அமைதி ஆகியவற்றைத் தேடி வருகிறார்கள். பத்து மணிக்குச் செய்தித்தாள் படிக்கும் பெரியவர்கள் வரும்போது நாற்காலி இருக்காது. நான்கரைக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்தால் சத்தம் என்று அவர்களை விரட்டுவதற்கு இரண்டு தரப்பும் ஒன்றுசேர்ந்துவிடும். உள்ளாட்சித் துறை அண்மை ஆண்டுகளில் பல ஊர்களில் கட்டிய அறிவுசார் மையங்கள் முதல் தரப்பாருக்கு நல்ல பதில். பிள்ளைகளுக்குத் தனி அறையும் தனி வாசலும் வேண்டும் என்பதை மட்டும் வரைபட நிலையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்; கட்டிய பின் சுவர் எழுப்பினால் காற்று வராது.

இடம் பற்றி ஒரு வார்த்தை. ஊருக்கு வெளியே அரை ஏக்கர் இலவசமாகக் கிடைக்கிறது என்று அங்கே கட்டப்பட்ட நூலகங்கள் சில எனக்குத் தெரியும். பூட்டுக்கு எண்ணெய் போடும் வேலைகூட அங்கே குறைவு. பள்ளி விட்டு வரும் வழியிலோ, பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரத்திலோ ஆறு சென்ட் கிடைத்தாலும் அதுவே மேல். 1931-இல் மன்னார்குடிக்கு அருகில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகத்தை ஓட்டினார். படிப்பவன் வராவிட்டால் புத்தகம் போக வேண்டும் என்று தொண்ணூறு ஆண்டுக்கு முன்பே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. ரோஜா முத்தையா சேகரித்த நூற்குவியல் கோட்டையூரிலிருந்து சென்னைக்குப் போய்விட்டதை எண்ணி உங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தைக் கிளை நூலகத்துக்கான மனுவில் ஒரு வரியாகச் சேர்த்தாலும் தவறில்லை.

மறுமொழி: பெரிய திடல்

எல்லோரும் சிறியதே போதும் என்கிறீர்கள். என் மகள் நானூறு மீட்டர் ஓடுகிறாள். 70 சென்ட்டில் அவளால் ஓட முடியாது. நூறு மீட்டருக்கே நேர்ப்பாதை இல்லை. ஐயா காட்டிய அதே வழிகாட்டு நெறிகளில், ஒரு லட்சம் பேருக்கு 8 ஹெக்டேர் விளையாட்டு மையம் ஒன்றும் இருக்கிறதே, அதை ஏன் யாரும் குறிப்பிடவில்லை? ஒவ்வொரு தெருவும் தன் மூலைக்கு மட்டும் மனு எழுதினால், ஊர் முழுவதற்குமான ஒன்றை யாருமே கேட்காமல் போய்விடும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வரைவாளர்

நியாயமான கேள்வி, நான் விட்டது தவறுதான். 8 ஹெக்டேர் என்பது இருபது ஏக்கர். அவ்வளவு நிலத்தைச் சிறு நகரத்தில் விலை கொடுத்து வாங்குவது கடினம் என்பதால், புறம்போக்கு நிலமோ பெரிய கல்வி நிறுவனங்களின் வளாகமோதான் கைகொடுக்கும். உங்கள் ஊரில் 1947-இல் தொடங்கிய அழகப்பா கல்லூரியும் 1985-இல் வந்த பல்கலைக்கழகமும் உடற்கல்விக் கல்லூரியும் இருக்கின்றன. ஊர்ப் பிள்ளைகள் குறிப்பிட்ட நேரத்தில் பயிற்சி பெற எழுத்துபூர்வ உடன்படிக்கை கேட்பது, புதிய அரங்கம் கேட்பதைவிட விரைவில் நடக்கும். அதைத் தெரு மனுவில் சேர்க்காதீர்கள். மாமன்ற உறுப்பினர்கள் பலர் சேர்ந்து கேட்க வேண்டியது அது. தனி மனுவாகக் கொடுங்கள்.

மறுமொழி: சங்கராபுரத்துவாசி

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. நேற்று இரவு எங்கள் வீட்டுத் திண்ணையில் எல்லா மறுமொழிகளையும் வாசித்துக் காட்டினேன். நீச்சல் குளம் கேட்டவர் 4,37,500 லிட்டரைக் கேட்டதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, குளம் வேண்டாம், கைப்பந்துக் கம்பமாவது வேண்டும் என்றார். சமுதாயக் கூடம் கேட்டவர்கள் இன்னும் இறங்கி வரவில்லை. கூடமும் நூலகமும் ஒரே கட்டடத்தில் வரலாம் என்ற வரியை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். மேலே கல்யாணப் பந்தி நடக்கும்போது கீழே எப்படிப் படிப்பது என்று நூலகத் தரப்பு கேட்க, அதோடு கூட்டம் கலைந்தது.

முதல் மனுவில் இரண்டே கோரிக்கைகள் என்று முடிவாகியிருக்கிறது. ஒன்று, எங்கள் மூன்று மனைப்பிரிவுகளின் ஓஎஸ்ஆர் இடங்களுக்குத் தானப் பத்திர எண், பட்டா விவரம், அளந்து கல் நடுதல். மற்றொன்று, அருகிலுள்ள தொடக்கப் பள்ளியின் திடலை மாலையில் திறப்பது. தனி வாசல், கழிப்பறை, காவலாளிக் கூலி மூன்றையும் அதிலேயே எழுதிவிடுகிறோம். ஊருணிக்குத் தனி மனு. நூலகத்துக்கு, எங்கள் வீடுகளின் சொத்து வரி ரசீதுகளைத் திரட்டி நூலக வரி எவ்வளவு சேர்கிறது என்று கூட்டிப் பார்த்த பின் எழுதலாம் என்று இருக்கிறேன். கூட்டல் எனக்குத் தெரிந்த வேலை.

ஒரு சந்தேகம், வரைவாளர் ஐயா. பழைய வீட்டுக்காரர் ஒருவரிடம் மனைப்பிரிவு வரைபடத்தின் நகல் கிடைத்தது. பூங்கா என்று எழுதிய இடத்தின் ஒரு பக்கம் ஓடையை ஒட்டி இருக்கிறது, வடிவம் ஏறக்குறைய முக்கோணம். புல வரைபடத்தையும் வாங்கி இங்கே பதிவேற்றினால், அதில் எவ்வளவு பெரிய செவ்வகம் அடங்கும் என்று பார்த்துச் சொல்வீர்களா?

மறுமொழி: ஓய்வுபெற்ற வரைவாளர்

பதிவேற்றுங்கள். பழைய புல வரைபடமாக இருந்தால் அளவுகள் லிங்க்ஸ் என்ற பழைய நில அளவை அலகில் இருக்கும். மீட்டருக்கு மாற்றாமல் அப்படியே போடுங்கள். ஓடையின் எல்லைக் கற்கள் இப்போதும் தரையில் நிற்கின்றனவா என்பதை மட்டும் ஒருமுறை நேரில் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.